சீட்டு எழுதுகிறவருக்கும் சட்டம் உண்டு

1998-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன ஸ்பிரிங் மெடோஸ் வழக்கில், டாக்டர் எழுதிய ஊசி ஒன்று, நர்ஸ் குழந்தையின் அப்பாவை வாங்கி வரச் சொன்ன ஊசி வேறொன்று. டைபாய்டுக்காகச் சேர்த்திருந்த குழந்தை. அந்த ஊசி ஏறியதும் இதயம் நின்று, மூளை பாதிக்கப்பட்டு, அதிலிருந்து மீளவே இல்லை. குழந்தைக்கு 12.5 லட்சம், பெற்றோருக்கு 5 லட்சம் என்று ஆஸ்பத்திரிதான் கொடுக்க வேண்டியிருந்தது, நர்ஸ் செய்த காரியம்தானே என்று அதனால் ஒதுங்க முடியவில்லை. வேலைக்கு வைத்திருப்பவர், வேலை நேரத்தில் அந்த வேலைக்காக ஊழியர் செய்வதற்கெல்லாம் பதில் சொல்ல வேண்டும் என்பது பழைய சட்ட விதி. ஓ.பி. சீட்டு எழுதுகிறவர், பில் போடுகிறவர், லேப் ரிப்போர்ட் கொடுக்கிறவர், பார்மசி கவுண்டரில் நிற்கிறவர் எல்லோரும் அதற்குள் வருகிறோம்.

அப்படியானால் முதலாளி பார்த்துக்கொள்வார் என்று இருந்துவிடலாமா? நஷ்ட ஈட்டுக்கு வேண்டுமானால் அந்தப் பேச்சு செல்லும். கிரிமினல் வழக்கு என்று வந்தால் அவரவர் செய்தது அவரவர் தலையில். 2024 ஜூலை 1 முதல் பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-வது பிரிவு, கவனக்குறைவால் மரணம் விளைவித்தால் 5 ஆண்டு வரை சிறை என்கிறது. பதிவு பெற்ற மருத்துவர் சிகிச்சை செய்யும்போது நடந்தால் மட்டும் அது 2 ஆண்டு வரை. இந்தச் சலுகை மருத்துவருக்கு மட்டும்தான், ஊசி போடும் உதவியாளருக்கோ மருந்து மாற்றிக் கொடுக்கும் கவுண்டர் ஆளுக்கோ கிடையாது. ஆஸ்பத்திரி வட்டாரத்தில் இதைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசி நான் கேட்டதில்லை.

இதை எழுதுவது கேரள எல்லையோரத்தில் இருக்கும் மார்த்தாண்டம், குழித்துறை, களியக்காவிளை பக்கத்துச் சின்ன ஆஸ்பத்திரிகளிலும் கிளினிக்குகளிலும் வேலை செய்கிறவர்களை மனதில் வைத்து. 1956 நவம்பர் 1-க்கு முன்னால் இந்தப் பக்கம் முழுக்கத் திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தது, மாநில எல்லைக் கோடு நடுவில் வந்தது பிறகுதான். கோடு வந்தாலும் நோயாளிகள் அதைப் பார்த்து வருவதில்லை. கேரளப் பக்கத்துப் பாறசாலையிலிருந்து இங்கே பிரசவத்துக்கு வருவார்கள், இங்கிருந்து பெரிய நோய்க்குத் திருவனந்தபுரம் போவார்கள். கவுண்டரில் காலையில் ‘அண்ணே’ என்பவரும் ‘சேட்டா’ என்பவரும் ஒரே வரிசையில் நிற்பார்கள். அதனால் எல்லையைவிட்டுத் தள்ளி இருக்கும் ஆஸ்பத்திரிகளில் எழாத சில கேள்விகள் இங்கே தினமும் எழும். முதல் கேள்வி, எந்த மாநிலத்துச் சட்டம்?

ஆஸ்பத்திரி நடத்தும் அனுமதி, பதிவு, கட்டண விஷயங்களுக்குக் கட்டடம் எந்த மாநிலத்தில் நிற்கிறதோ அந்த மாநிலத்துச் சட்டம். இந்தப் பக்கம் 1997-ன் தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் சட்டமும் அதற்கு 2018-ல் வந்த விதிகளும், அந்தப் பக்கம் கேரளத்தின் 2018 சட்டம். ஆனால் நோயாளி வழக்குப் போடும் இடம் வேறு கணக்கு. முன்பு 1986-ன் நுகர்வோர் சட்டப்படி எதிர்த்தரப்பு இருக்கும் இடத்திலோ சம்பவம் நடந்த இடத்திலோதான் போட முடியும். 2019-ன் புதிய சட்டம், 2020 ஜூலையிலிருந்து, புகார் கொடுப்பவர் குடியிருக்கும் ஊரிலேயே போடலாம் என்று மாற்றிவிட்டது. அதாவது பாறசாலைக்காரர் மார்த்தாண்டத்தில் வைத்தியம் பார்த்துவிட்டுத் திருவனந்தபுரம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். ரிஜிஸ்டரைத் தூக்கிக்கொண்டு அங்கே போவது நம் வேலை.

இன்னொன்றும் உண்டு. மாவட்ட ஆணையம் 50 லட்சம் வரை விசாரிக்கும், ஆனால் அந்த 50 லட்சம் கேட்கிற நஷ்ட ஈடு அல்ல, நோயாளி கட்டிய கட்டணம். சின்ன ஆஸ்பத்திரியில் யார் 50 லட்சம் கட்டுகிறார்கள்? ஆகவே நம் வழக்குகள் எல்லாம் மாவட்டத்தில்தான் தொடங்கும். புகாருக்குக் கெடு 2 ஆண்டு. ‘தர்மத்துக்குப் பார்த்தோம், காசே வாங்கலை’ என்பதும் எப்போதும் தப்பிக்க வழியாகாது. வி.பி. சாந்தா வழக்கில் 1995-லேயே உச்ச நீதிமன்றம் பிரித்துச் சொல்லிவிட்டது: எல்லோருக்கும் இலவசமாகப் பார்க்கும் இடம் நுகர்வோர் சட்டத்துக்கு வெளியே, சிலரிடம் காசு வாங்கிச் சிலருக்கு இலவசமாகப் பார்க்கும் இடமென்றால் அந்த இலவச நோயாளியும் நுகர்வோர்தான்.

சரி, கையெழுத்துக்கு வருவோம். ஆஸ்பத்திரியில் நடக்கும் மிகப் பெரிய அலட்சியம் சம்மதப் படிவத்தில்தான் என்பது என் எண்ணம். அட்மிஷன் போடும்போதே, அட்வான்ஸ் ரசீதோடு சேர்த்து, நாலைந்து தாளை நீட்டி ‘இங்க ஒண்ணு, இங்க ஒண்ணு, பின்னாடி ஒண்ணு’ என்று வாங்கி வைத்துவிடுகிறோம். என்ன ஆபரேஷன் என்ற இடம் காலி, டாக்டர் பெயர் காலி, தேதி காலி. பிறகு யாரோ நிரப்புவார்கள். இப்படி வாங்கிய கையெழுத்து சம்மதம் ஆகாது. சமீரா கோலி வழக்கில் (2008) நடந்தது இதைவிட நல்ல நிலைமை, அங்கே படிவமாவது நிரப்பியிருந்தது. 44 வயதுப் பெண், வயிற்றுக்குள் கருவி விட்டுப் பார்க்கும் சோதனைக்குச் சம்மதித்து மயக்கத்துக்குப் போகிறார். உள்ளே பார்த்த டாக்டர் கருப்பையை எடுக்க வேண்டும் என்று முடிவுசெய்து, வெளியே காத்திருந்த தாயிடம் சம்மதம் வாங்கி எடுத்துவிடுகிறார். நீதிமன்றம் ஏற்கவில்லை. நோயாளி பெரியவர், சுய நினைவு திரும்பக்கூடியவர், உடனே செய்யாவிட்டால் உயிர் போகும் நிலை இல்லை, அப்படியிருக்க அம்மா யார் சம்மதம் தர? கட்டணம் கேட்கக் கூடாது, 25,000 ரூபாய் நஷ்ட ஈடு என்று முடிந்தது. தொகை சின்னது, அதை வைத்துத் தீர்ப்பை எடை போட வேண்டாம்.

நம்மூரில் இதை நினைத்துப் பாருங்கள். கணவர் துபாயிலோ மஸ்கட்டிலோ இருப்பார். மாமியார் கூட வந்திருப்பார். ‘வீட்டுக்காரர் சம்மதம் இல்லாம முடியாது’ என்று ஒரு பக்கம் பெண்ணைத் திருப்பி அனுப்புகிறோம், இன்னொரு பக்கம் மாமியார் கையெழுத்தை வாங்கிக்கொண்டு வேலையை முடிக்கிறோம். இரண்டும் தப்பு. 18 வயது நிறைந்து, சொல்வதைப் புரிந்துகொள்ளும் நிலையில் இருக்கும் நோயாளி தன் உடம்புக்குத் தானே சம்மதம் சொல்ல வேண்டும். கருக்கலைப்புச் சட்டமே பெண்ணின் சம்மதம் போதும் என்றுதான் சொல்கிறது, கணவர் கையெழுத்தைக் கேட்பதில்லை. நினைவில்லாமல் வருகிறவர், கூட யாரும் இல்லை, உடனே செய்யாவிட்டால் உயிர் தங்காது என்றால் சம்மதம் இல்லாமலே டாக்டர் நல்லெண்ணத்தோடு செய்வதைச் சட்டம் காக்கிறது. அந்த நேரத்தில் ‘கையெழுத்து போட ஆள் வரட்டும்’ என்று கவுண்டரில் பிடித்து வைப்பதுதான் ஆபத்து.

மொழி விஷயத்தை விட்டால் எல்லையோரத்தில் சம்மதத்தைப் பற்றிப் பேசியதாகவே ஆகாது. அச்சடித்த படிவம் ஆங்கிலத்தில் இருக்கும், நோயாளிக்கு மலையாளம் மட்டும்தான் வாசிக்க வரும், அல்லது பாறசாலைப் பக்கத்து ஆஸ்பத்திரியில் மலையாளப் படிவத்தில் தமிழ் மட்டும் தெரிந்த பாட்டி பெருவிரல் வைப்பார். புரியாத மொழியில் வாங்கிய கையெழுத்து தாளில் கிடக்கும், கோர்ட்டில் நிற்காது. தமிழ், மலையாளம் இரண்டிலும் படிவம் அடித்து வைப்பதற்கு என்ன பெரிய செலவு? அது இல்லாத இடத்தில், யார் எந்த மொழியில் வாசித்துக் காட்டினார் என்று கீழே ஒரு வரி எழுதி, அவரும் கையெழுத்துப் போட வேண்டும். அப்புறம், விளக்கம் சொல்வது டாக்டர் வேலை, நாம் சாட்சி. விட்னஸ் என்ற இடத்தில் பெயர் போட்டால் நாளைக்குக் கூண்டில் ஏறி ‘ஆமாம், டாக்டர் சொன்னார், நான் பக்கத்தில் இருந்தேன்’ என்று சொல்ல வேண்டியவர் நாம். பக்கத்தில் இல்லாதபோது பெயர் போடாதீர்கள்.

அடுத்தது ரகசியம். சின்ன ஊரில் இதுதான் கஷ்டம். வருகிறவர்களில் பாதிப்பேர் சொந்தம், மீதிப்பேர் ஒரே சர்ச், ஒரே கோயில், ஒரே தெரு. ‘மக்களே, அந்தப் பிள்ளைக்கு என்னவாம்?’ என்று ஒரு சித்தி கவுண்டரில் சாய்ந்து கேட்டால் பதில் சொல்லாமல் இருப்பது திமிர் என்று ஆகிவிடும். கல்யாணம் பேசுகிற வீட்டார் மாப்பிள்ளை எதற்கு ஆஸ்பத்திரிக்கு வந்தார் என்று விசாரிப்பார்கள், அக்கறையாகத்தான். ஆனாலும் சொல்லக் கூடாது. 2002-ன் மருத்துவக் கவுன்சில் ஒழுக்க விதிகளில் நோயாளியின் ரகசியத்தைக் காப்பது டாக்டர் கடமை, நம் வாயிலிருந்து போனாலும் அது டாக்டரிடமிருந்து போனதுதான். நேரடியாக நம்மையே பிடிக்கும் சட்டங்களும் உண்டு. கருக்கலைப்புச் சட்டத்தில் 2021-ல் சேர்த்த பிரிவு, அந்தப் பெண்ணின் பெயரையோ விவரத்தையோ சட்டப்படி அதிகாரம் உள்ளவரைத் தவிர வேறு யாருக்குச் சொன்னாலும் ஓராண்டு வரை சிறை என்கிறது. ‘டி அண்ட் சி-க்கு (கருப்பையைச் சுத்தம் செய்ய) வந்தவங்க யாரு?’ என்று ஹாலில் நின்று கூப்பிடுகிற பழக்கத்தை இந்த வரியோடு சேர்த்துப் பாருங்கள். எச்.ஐ.வி. நிலையை எழுத்துப்பூர்வமான சம்மதம் இல்லாமல் வெளியிடக் கூடாது என்று 2017-ன் தனிச் சட்டம் சொல்கிறது, சோதனைக்கே சம்மதம் வேண்டும். பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தைப் பரப்பினால் 2 ஆண்டு வரை.

பெரும்பாலான கசிவு வேண்டுமென்று நடப்பதில்லை. ஓ.பி. ரிஜிஸ்டர் அடுத்தவர் பார்க்கும்படி விரிந்து கிடக்கும். ரிப்போர்ட்டை வாட்ஸ்அப்பில் கேட்ட நம்பருக்கெல்லாம் அனுப்புவார்கள். ஸ்டாப் குரூப்பில் எக்ஸ்ரே படம் பெயரோடு போகும். ரிப்போர்ட் போக வேண்டியது நோயாளி பதிவில் கொடுத்த நம்பருக்கு மட்டும். மகன் கேட்டாலும், பெரியவர் சம்மதம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இன்சூரன்ஸ்காரரோ கம்பெனியோ கேட்டால் நோயாளியின் எழுத்து வேண்டும். போலீஸ் கேட்டால் எழுத்தில் கேட்கச் சொல்லி, கொடுத்ததற்கு ஒப்புதல் வாங்க வேண்டும். 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுச் சட்டத்துக்கு 2025 நவம்பரில் விதிகள் வந்துவிட்டன, முக்கியக் கடமைகள் 18 மாதம் கழித்து அமலாகும், தரவுப் பாதுகாப்பில் கோட்டை விட்டால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை. நம் ஆஸ்பத்திரிக்கு அவ்வளவு விழாது என்று சிரிக்கலாம், சிரித்துவிட்டு கம்ப்யூட்டரில் எல்லோரும் ஒரே பாஸ்வேர்ட் போடுவதை நிறுத்தலாம்.

இதற்கு நேர் எதிராக, சொல்லியே ஆக வேண்டியவையும் உண்டு. காசநோயை அரசுக்கு அறிவிப்பது தனியார் ஆஸ்பத்திரி, லேப், மருந்துக்கடை எல்லோருக்கும் கடமை, அதற்கான அரசின் நிக்ஷய் இணையதளத்தில் பெயர் ஏற்றுவது ரகசியத்தை மீறுவது ஆகாது. 18 வயதுக்குக் கீழ் உள்ள பெண் கர்ப்பமாக வந்தால் குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 19-வது பிரிவு ‘எந்த நபரும்’ என்று தொடங்குகிறது, டாக்டர் என்று அல்ல. தெரிந்தும் தெரிவிக்காமல் விட்டால் 6 மாதம் வரை சிறை, நிறுவனப் பொறுப்பில் இருப்பவருக்கு ஓராண்டு வரை. ‘நாங்களே கட்டி வெச்சுடறோம், கேஸ் வேண்டாம்’ என்று இரண்டு வீட்டாரும் சேர்ந்து கெஞ்சுவார்கள், பதினேழு வயதுப் பிள்ளை தலை குனிந்து உட்கார்ந்திருக்கும். மனசு கேட்காது. சட்டம் அந்தக் கெஞ்சலுக்கு இடம் வைக்கவில்லை. ஒரு சின்ன விலக்கு மட்டும் உண்டு: கருக்கலைப்புக்கு வரும் சிறுமியும் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால், டாக்டர் போலீசுக்குத் தகவல் சொல்லும்போது பெயர், அடையாளத்தைத் தவிர்க்கலாம் என்று 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

விபத்தும் விஷமும் எம்.எல்.சி., அதாவது போலீசுக்குத் தெரிவிக்க வேண்டிய கேஸ், என்பது எல்லோருக்கும் தெரியும். தெரியாதது வரிசை. சிகிச்சைதான் முதலில், போலீஸ் பிறகு, அட்வான்ஸ் அதற்கும் பிறகு. பரமானந்த் கட்டாரா வழக்கில் 1989-லேயே சொன்னது, அரசு டாக்டருக்கும் தனியார் டாக்டருக்கும் சேர்த்து. பாதி உயிரோடு வந்தவரை ‘இது போலீஸ் கேஸ், ஜி.எச்.சுக்குப் போங்க’ என்று வாசலிலேயே திருப்புவதை அதற்குப் பிறகு யாரும் நியாயப்படுத்த முடியாது. தூக்கி வந்தவரையும் மிரட்டக் கூடாது. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ல் சேர்த்த 134ஏ பிரிவு அவரைப் பாதுகாக்கிறது, பெயர் சொல்ல விருப்பமில்லை என்றால் அவர் போகலாம்.

ஏ.ஆர். ரிஜிஸ்டரில், அதாவது விபத்துப் பதிவேட்டில், விபத்து நடந்த இடத்தை எழுதும் வரிக்கு எல்லையோரத்தில் மற்ற ஊர்களைவிடக் கனம் அதிகம். தமிழ்நாட்டின் இன்னுயிர் காப்போம் திட்டம் (2021 டிசம்பரில் தொடங்கியது) முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை ஏற்கிறது. அடிபட்டவர் எந்த மாநிலத்தவர் என்று பார்ப்பதில்லை, விபத்து தமிழ்நாட்டு எல்லைக்குள் நடந்ததா என்றுதான் பார்க்கிறது. களியக்காவிளை சோதனைச்சாவடிக்கு இப்பாலா அப்பாலா என்பதில் ஒரு குடும்பத்தின் பணம் நிற்கிறது. அதற்காக இடத்தை மாற்றி எழுதச் சொல்லி வருவார்கள். எழுதாதீர்கள், போலீஸ் வேறு இடம் எழுதியிருந்தால் நம் ரிஜிஸ்டர் பொய் ஆவணமாகிவிடும். 2025 மே மாதம் அறிவித்த மத்திய அரசுத் திட்டம் வேறு இருக்கிறது, விபத்து நடந்ததிலிருந்து 7 நாள், 1.5 லட்சம் வரை, பட்டியலில் உள்ள ஆஸ்பத்திரியில். எந்த ஸ்டேஷனுக்குச் சொல்வது என்றும் குழம்ப வேண்டாம். ஆஸ்பத்திரி எந்த எல்லைக்குள் இருக்கிறதோ அந்த ஸ்டேஷனுக்குத் தகவல் கொடுத்து, வாங்கியவர் பெயர், நேரம் குறித்துக்கொண்டால் நம் பங்கு முடிந்தது. சம்பவம் வேறு எல்லையில் நடந்தது என்பதற்காகப் புகாரை மறுக்க முடியாது என்று இப்போதைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-வது பிரிவு போலீசுக்கே சொல்கிறது.

ரப்பர் காடுகள் உள்ள பகுதி இது. ரப்பர் பால் உறையவைக்கும் ஆசிட் எந்த வீட்டிலும் இருக்கும், தவறியோ மனம் உடைந்தோ அதைக் குடித்து வருகிறவர்கள் உண்டு. ‘கேஸ் ஆக்கிடாதீங்க’ என்பதுதான் உறவினர் சொல்லும் முதல் வார்த்தை. எம்.எல்.சி. என்பது நோயாளி மேல் போடும் கேஸ் அல்ல என்பதைப் பொறுமையாகச் சொல்ல வேண்டும். 2017-ன் மனநலச் சட்டத்தின் 115-வது பிரிவு, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன உளைச்சலில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது, தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய தண்டனைச் சட்டத்தின் 309-வது பிரிவு பாரதிய நியாய சன்ஹிதாவில் அப்படியே வரவும் இல்லை. ரிஜிஸ்டரில் நாமாக எதையும் ஊகித்து எழுத வேண்டாம். யார் சொன்னார், என்ன சொன்னார், எத்தனை மணிக்கு என்பது போதும்.

ஸ்கேன் சென்டர் உள்ள இடத்தில் வேலை செய்கிறவர்கள் கர்ப்பிணிக்கு ஸ்கேன் எடுக்கும்போது நிரப்பும் எஃப் படிவத்தைப் பார்த்துப் பயப்படலாம், அந்தப் பயம் நல்லது. கருவின் பாலினம் கண்டறிவதைத் தடுக்கும் 1994 சட்டத்தில் அந்தப் படிவம் குறையாகவோ தவறாகவோ இருந்தாலே சட்ட மீறல்தான், மீறல் இல்லை என்று நிரூபிக்க வேண்டியது ஸ்கேன் செய்தவர். எழுத்தர் பிழையைக் குற்றமாக்கலாமா என்று மகப்பேறு மருத்துவர் கூட்டமைப்பு உச்ச நீதிமன்றம் வரை போய் 2019-ல் தோற்றது. படிவத்தை நிரப்புவது பெரும்பாலும் கவுண்டரில் இருக்கும் பெண்தான். பாலினத்தை வார்த்தையாலோ சைகையாலோ வேறு எந்த விதத்திலுமோ தெரிவிக்கக் கூடாது என்பது ‘எந்த நபருக்கும்’ பொருந்தும். ‘ஸ்வீட் வாங்கிட்டு வாங்க’ என்று சிரித்துக்கொண்டே சொல்வதும் அதில் வரும்.

கேஸ் ஷீட்டைப் பற்றி. உள்நோயாளி ஆவணங்களை 3 ஆண்டு வைத்திருக்க வேண்டும், நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002 விதி. பில் பாக்கி இருந்தால் தர வேண்டாம் என்று அதில் எழுதியிருக்கவில்லை. பாக்கிக்காக நோயாளியையோ உடலையோ பிடித்து வைப்பதும் சட்டத்தில் இல்லாத உரிமை, பணத்துக்கு சிவில் கோர்ட் இருக்கிறது. எழுதியதில் தப்பு வந்தால் ஒரே கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதி, கையெழுத்தும் தேதியும். வெள்ளை மை பூசக் கூடாது. பிரச்சினை வந்த பிறகு உட்கார்ந்து புதிதாக ஒரு கேஸ் ஷீட் எழுதும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. மூன்று நாள் குறிப்பும் ஒரே பேனாவில், ஒரே கையெழுத்தில், அடித்தல் திருத்தல் இல்லாமல் இருந்தால் வக்கீலே தேவையில்லை, பார்க்கிற யாருக்கும் புரிந்துவிடும்.

பிறப்பு, இறப்புப் பதிவில் எல்லைக்காரர்கள் தவறாமல் கேட்பது, ‘நாங்க பாறசாலைக்காரங்க, பிள்ளைய அங்க பதிஞ்சுக்கலாமா?’ என்பது. முடியாது. நடந்த இடத்தில்தான் பதிவு. மார்த்தாண்டத்தில் பிறந்த குழந்தைக்குத் தமிழ்நாட்டுச் சான்றிதழ், திருவனந்தபுரத்தில் இறந்தவருக்குக் கேரளச் சான்றிதழ். ஆஸ்பத்திரியில் நடந்ததை 21 நாளுக்குள் தெரிவிப்பது ஆஸ்பத்திரியின் பொறுப்பு. 2023 அக்டோபர் 1-லிருந்து பள்ளி, லைசென்ஸ், பாஸ்போர்ட் என்று பலவற்றுக்கும் பிறப்புச் சான்றே ஆதாரம் ஆகிவிட்டதால், நாம் எழுதும் ஒரு எழுத்துப்பிழை அந்தப் பிள்ளையோடு இருபது வருஷம் நடக்கும். மலையாளப் பெயரைத் தமிழ் ஒலிப்பில் காதால் கேட்டு எழுதாமல், ஆதாரை வாங்கிப் பார்த்து எழுதுவது நல்லது.

போனில் ‘காய்ச்சல், என்ன மாத்திரை போடலாம்?’ என்று கேட்டால் டாக்டரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்பதைத் தவிர வேறு பதில் நமக்கில்லை. காய்ச்சலுக்கு ஆங்கில மருந்து கொடுத்த ஹோமியோபதி மருத்துவர் மேலேயே, படிக்காத முறையில் வைத்தியம் செய்தது கவனக்குறைவுதான் என்று 1996-ல் பூனம் வர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது.

கடைசியாக, நம்மை அடிக்க வந்தால் என்ன செய்வது. இங்கே 2008-ன் தமிழ்நாட்டுச் சட்டம் ஆஸ்பத்திரி வன்முறைக்குக் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 10 ஆண்டு சிறை வைக்கிறது. கேரளத்தில் 2012 சட்டம் இருந்தது, 2023 மே மாதம் கொட்டாரக்கரையில் பணியில் இருந்த இளம் மருத்துவர் கொல்லப்பட்ட பிறகு அதைத் திருத்திக் கடுமையாக்கினார்கள், செக்யூரிட்டி, நிர்வாகப் பணியாளர், ஆம்புலன்ஸ் டிரைவர், உதவியாளர் எல்லோரையும் பாதுகாப்புக்குள் கொண்டுவந்தார்கள். இரண்டு பக்கமும் கோபம் தணிந்ததும் சமாதானம் பேசிப் புகாரையே விட்டுவிடுவதுதான் வழக்கமாக நடக்கிறது. புகார் கொடுப்பதா வேண்டாமா என்பதை நிர்வாகம் பிறகு முடிவு செய்யட்டும், சிசிடிவி பதிவு அழிந்து மேலே புதியது பதிவதற்குள் அந்த நாள் காட்சியை எடுத்துத் தனியாக வைத்துவிடுங்கள்.